கட்டைவிரல் விழுந்த படங்கள்

கெடுத்தது நீதான். ஊரில் வேறு எவன் மேலும் பழி போடாதே. மூன்று பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையோடு விடியற்காலைப் பனியில் வந்து, சாணியும் சேறும் மிதித்து, மிரளுகிற மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துச் சேர்த்தார்களே, அதில் கொண்டுபோய் உன் பொய்யைக் கலந்தாய். கண்டுபிடித்துக் கேட்டபோது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல உன் நாக்குக்கு என்ன கேடு? கத்தினாய். தண்ணிச் சொம்பைத் தூக்கி எறிந்தாய். பெற்ற பிள்ளை நாலு மாதமாய் 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் உன்னிடம் ஒரு பேச்சுப் பேசவில்லை. கடல் தாண்டிப் போகிற அன்றைக்காவது வாயைத் திறந்தாயா? லாரியில் மாடு ஏத்த ஆள் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போய் ஒளிந்துகொண்டாய். வெட்கங்கெட்டவனே, இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய், அதுவும் பாதி மூஞ்சியில் நுரையோடு? இத்தனையும் சென்னியப்பன் மனசுக்குள்தான் கேட்டார். வாய்விட்டுக் கேட்க வழியில்லை. முருகவேலின் சவரக்கத்தி தொண்டைக்குழிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. கேட்கப்பட்டவன் வேறு யாருமில்லை. எதிரே கண்ணாடிக்குள், அதே நாற்காலியில், அதே வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, நரைத்த மீசையும் சிவந்த கண்ணுமாய் இவரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"எச்சில் முழுங்காதீங்ண்ணா, கத்தி ஏறி எறங்குது," என்றார் முருகவேல். எச்சில் முழுங்காமல் எப்படி இருப்பது? கண்ணாடிக்குக் கீழே பலகையில், பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கட்டிக்கும் நடுவில், முருகவேல் தன் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலத் திரையில் நீல வெளிச்சத்தில் ஒரு மேடை. லிஸ்பன் என்று ஊராம். இங்கே மூன்றரை மணி வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, அங்கே இப்போதுதான் காலை பதினொன்று. கண்டுபிடிப்புப் போட்டிக்கு நாற்பத்தேழு நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிற கூடத்தில், மூன்றாவது வரிசையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய மூன்று தலைகள். ஓரத்தில் இருப்பது ரிஸ்வானா, தையற்கடைக்காரர் மகள். நடுவில் ஜெனிட்டா, அவள் அம்மா சர்ச் பக்கத்தில் இட்லி விற்கிறாள். இந்த ஓரத்தில் இருக்கிறதே, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, அது இவருடையது. பூவிதா. அந்தக் கழுத்து நீட்டல்கூட இவருடையதுதான். பேரம் படிகிற நேரத்தில் இவர் அப்படித்தான் நிற்பார். இங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திரை கட்டி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். மனைவி சம்பூர்ணம் காலையிலேயே பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டாள். "ஏனுங், நீங்களும் வரோணும், டீச்சர் மூணு தடவை சொல்லியிருக்காங்க," என்றாள். "செவ்வாய்க்கிழமை சந்தையை விட்டுப்போட்டு என்னத்துக்கு வர்றது," என்று இவர் சொன்னார். சந்தை மத்தியானத்தோடு முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தனியாகவே கிளம்பிப் போனாள். ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏன் என்று யாரும் கேட்காத இடம் ஊருக்குள் ஒன்றே ஒன்றுதான், அது சவரக்கடை நாற்காலி என்று கணக்குப் போட்டுத்தான் இவர் இங்கே நுழைந்தது. வந்து உட்கார்ந்து துணியைப் போர்த்திய பிறகுதான் முருகவேல் போனை எடுத்து வைத்தார். "நம்மூருப் புள்ளைகளாச்சேண்ணா, பாக்காம இருக்க முடியுமா?" பின்னால் பெஞ்சில் புண்ணாக்குக் கடை ராமலிங்கம் வேறு. முடி வெட்டிக்கொள்ள வந்த ஆளுக்குத் தலையில் முடியே இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

முருகவேல் இடது கையால் தாடையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரல் கன்னத்தில், மற்ற நாலு விரல் தாடைக்கு அடியில். இந்தப் பிடி நம் பிடியல்லவா என்று சென்னியப்பனுக்கு உறைத்தது. இப்படித்தான், இதே அழுத்தத்தில்தான், முப்பது வருஷமாய் மாட்டுத் தாடையைப் பிடிக்கிறோம். மூக்கை உயர்த்தி, கீழுதட்டை மடக்கி, கட்டைவிரலை ஓரத்தில் கொடுத்துத் திறந்தால் கீழ்வரிசைப் பல் எட்டும் வெளிச்சத்துக்கு வரும். எட்டும் முளைக்கிறவரை வயது சொல்லப் பச்சைப் பிள்ளைக்கும் முடியும், எண்ணினால் போதும். எட்டும் முளைத்து முடிந்த பிறகுதான் மாட்டுத் தரகனுடைய வேலை. தேய்ந்திருக்கிற தேய்ப்பைப் பார்க்க வேண்டும், இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்திருக்கிற இடைவெளியைப் பார்க்க வேண்டும், மஞ்சள் எங்கே ஏறியிருக்கிறது, ஈறு எங்கே இறங்கியிருக்கிறது. இவர் ஒரு கணம் பார்ப்பார், ஏழு என்பார், ஒன்பது என்பார். தப்பாது. ஆனால் வாயால் சொல்லுகிறது வேறு. சந்தையில் வாய் ஊர் கேட்கப் பேசும். காரியம் நடப்பது துண்டுக்கடியில். இரண்டு பேர் கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, ஒருவன் விரலை மற்றவன் பிடித்து அழுத்தி, சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாமல் விலை பேசி முடிப்பார்கள். மேலே வாய் "கட்டுபடியாகாதுங், போயிட்டு வாங்" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கீழே விரல் படிந்துபோயிருக்கும். பூவிதா நாலு வயதில் அந்தத் துண்டுக்குள் கையை விட்டு இவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மிட்டாய் படிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது. இப்போதும் கை துணிக்குள்தான் இருக்கிறது. துணிக்குள் தன் செல்போனைப் பிடித்தபடி, வியர்த்துப் போய், யார் விரலும் கிடைக்காமல்.

மேடையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து என்னவோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள்? எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவனை நம்பக்கூடாது. இவருக்கு முதல் மாட்டை விற்றவன் அப்படித்தான் சிரித்துச் சிரித்துப் பேசினான். கல்யாணமான மறுவருஷம், சம்பூர்ணத்தின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போய் வாங்கிய மாடு. "ரெண்டாம் ஈத்து, தம்பி, வாயைப் பாரு, முத்தாட்டம்," என்றான். முத்தாகத்தான் இருந்தது, அரத்தால் ராவிய பல் முத்தாக இல்லாமல் என்ன செய்யும். வீட்டுக்கு வந்து தீவனத்தை மெல்ல முடியாமல் நின்றது, ஆடி பிறக்கும் முன்னே படுத்துவிட்டது. திரும்பிப் போய்ச் சண்டை பிடித்தபோது அந்தத் தரகன், "வாய் பாக்கத் தெரியாதவன் சந்தைக்கு எதுக்கடா வர்றே?" என்று கேட்டு அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் மேல் இருந்த கோபத்தில்தான் இவர் பல்லைப் படித்தார். சொல்லிக்கொடுக்க ஒருவனும் இல்லை. உதை வாங்கிப் படித்தார், முட்டு வாங்கிப் படித்தார், ஒரு காளை கயிற்றோடு இழுத்ததில் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, ஆறின பிறகும் இரண்டு பாளமாகவே வளர்ந்தது. படித்து முடித்து, அவன் நின்ற இடத்திலேயே போய் நின்றார். நின்று, அவன் பேசிய பேச்சையே பேசினார். இதை யாராவது வந்து கேட்டால் அடித்துவிடுவார். யாரும் கேட்டதில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. தோடு போன கதையைச் சம்பூர்ணம் மகளிடம் எப்போதோ பால் கறந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "போனுல ஒரு போட்டோ எடுத்தா வயசைச் சொல்ற மாதிரி செஞ்சுட்டா, கடன் வாங்கி மாடு பிடிக்கிற பொம்பளைகளை எவனும் ஏமாத்த முடியாதில்லம்மா?" என்றாளாம். அங்கே ஆரம்பித்தது. அம்மாக்காரியின் காதுத் துளையில் ஆரம்பித்த விஷயம் லிஸ்பன் வரைக்கும் போயிருக்கிறது.

"அண்ணா, தல ஆடுது." ஆடினால் ஆடட்டும். ஆடாமல் என்ன செய்யும். பதினோரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள் மூன்று பேரும், ஐந்து மணிக்கு வந்து ஏழரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். ஜெனிட்டாவுக்கு மாடென்றால் நடுக்கம். எட்ட நின்றே படம் எடுப்பாள். "மாமா, அது என்னையவே பாக்குது மாமா!" என்று அலறுவாள். "நீ அழகா இருக்கேன்னு பாக்குதுடி," என்பாள் ரிஸ்வானா. "வாயை மூடுங்க புள்ளைகளா, வாயைத் தொறக்க வேண்டியது மாடு," என்று இவர் அதட்டுவார். அதட்டிக்கொண்டே சுற்றிலும் பார்ப்பார், எத்தனை பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று. அடடா, அந்தப் பதினோரு காலை. மாட்டுக்காரன் வாயைத் திறந்து பிடிப்பான், இவர் எட்டிப் பார்த்து வயதைச் சொல்லுவார், பூவிதா அதை நோட்டில் எழுதுவாள். படித்த பிள்ளை, இவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நாலாவதோடு நின்ற மனுஷன் சொன்னதைக் கம்ப்யூட்டருக்குப் பாடமாக வைத்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது வாய். அதில் இவரே கயிற்றைப் பிடித்து விற்க நின்ற மாடுகளும் உண்டு. அந்த மாடுகளின் வாயை வேறொருவன் ஏன் திறக்க வேண்டும், இவரேதான் திறந்தார். பக்கத்தில் வாங்க வந்தவன் நிற்கிறான். "இது எத்தனைங்ப்பா?" என்று மகள் கேட்கிறாள். ஒன்பது என்று கண்ணுக்குத் தெரிகிறது. "ஏழு," என்று வாய் சொன்னது. வாயும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. மகள் ஏழு என்று எழுதிக்கொண்டாள். நின்றவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், வேறு எப்படிச் சொல்லுவது? அது சரி. அதுவரைக்கும் சரி. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது நோட்டை எடுத்து வந்து, "ஒரு தடவை சரி பார்த்திரலாமுங்ப்பா," என்று ஒவ்வொன்றாகப் படித்தாளே, அப்போது? அப்போதும் ஏழு என்றால் ஏழுதான் என்று தலையை ஆட்டியது யார்?

வீட்டில் யார் நின்றார்கள்? இதைத்தான் அவள் கேட்டாள். எங்கே சுற்றிக்கொண்டு போனாலும் நினைப்பு இந்த முளைக்குச்சியில்தான் வந்து இடிக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படம், வரிசை வரிசையாய் மாட்டுவாய். "இதுல தெரியறது யார் விரலுங்ப்பா?" என்றாள். இவர் குனிந்து பார்த்தார். எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகம் இரண்டாய்ப் பிளந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மடையனுக்கு. "என்ற விரல்தான், அம்மிணி, அதுல என்ன சந்தேகம்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மெல்லத்தான் சொன்னாள். படத்தைப் பார்த்துப் படித்த மெஷின் மற்ற எல்லா மாட்டுக்கும் வயதைச் சரியாகச் சொல்லுகிறதாம். கால்நடை ஆஸ்பத்திரியில் பிறந்த தேதியைப் பதிந்து காதில் தகடு அடித்த மாடுகளை வைத்துச் சரிபார்த்தார்களாம். சில படத்தில் மட்டும் எப்போதும் இரண்டு வயது குறைத்தே சொல்லுகிறதாம். மாடு வேறே, நிறம் வேறே, வெளிச்சம் வேறே. ஒன்று மட்டும் பொது. ரிஸ்வானாதான் கண்டுபிடித்தாள். அந்த விரல். மெஷின் பல்லைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்திருக்கிறது. பிளந்த நகம் தெரிந்தால் இரண்டைக் கழி என்று தானாகப் படித்து வைத்திருக்கிறது. "நூத்தி அறுபத்தி மூணு படமுங்ப்பா. சந்தையில சொன்னது தெரியுது, ஆள் நின்னாங்க. வீட்ல யார் நின்னாங்ப்பா?" அவ்வளவுதான் கேட்டாள். "படத்தையெல்லாம் உங்க போனுக்கு அனுப்பறேன், நெச வயசை மட்டும் சொல்லிருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்." சொல்லியிருக்கலாம். சோறு ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். "என்ற தொழிலை நீ சோதிச்சுப் பாக்கறயா? இந்தத் தொழில்லதான் உனக்குச் சோறு!" என்று கத்தியவன் எவன்? சொம்பு சுவரில் பட்டு நசுங்கியது, இன்னும் நசுங்கியேதான் இருக்கிறது, சம்பூர்ணம் அதிலேயேதான் இவருக்குத் தண்ணீர் வைக்கிறாள். அந்த நூற்று அறுபத்து மூன்று படமும் போனில் கிடக்கிறது. யாருக்கும் தெரியாமல் லாரியில் போகும்போது ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். ஒவ்வொரு வாயும் நினைவிருக்கிறது. இது குண்டடத்துச் செவலை மாடு, பத்து வயது. இது கொம்பு சாய்ந்தது, எட்டே முக்கால். இது பாவம், பதினொன்று. எல்லாம் தெரியும். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"ஏய், சொல்றாங்க, சொல்றாங்க!" ராமலிங்கம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முருகவேல் கத்தியை எடுத்துத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். மூன்றாம் பரிசு, திரையில் ஏதோ கொடி, சப்பை மூக்குப் பையன்கள் நாலு பேர் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் பரிசு. இதாகத்தான் இருக்கும், இதுவே பெரிசு, இதை வாங்கிக்கொண்டு வா கண்ணு, பேரத்தில் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், தப்பே இல்லை. சிவப்புத் தலைமுடிக்காரிப் பெண்ணொருத்தி எழுந்தாள். போச்சு. அவ்வளவுதான். போனதென்றால் யாரால் போனது? அந்த விரலால் போனது. பிளந்த நகமே, உன்னை அந்தக் காளை முழுசாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? இல்லை இல்லை, முதல் பரிசு ஒன்று பாக்கி இருக்கிறது. பாக்கி இருக்கிறபோதே எழுந்து போகிறவன் தரகனா? அந்த வெள்ளைக்காரர் கவரைப் பிரிக்கிறார், பிரிக்கிறார், பிரித்துக்கொண்டே இருக்கிறார், என்னத்தை ஒட்டித் தொலைத்திருக்கிறார்கள் அதில், பல்லால் கடித்து இழுய்யா! அந்தக் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. துணிக்குள் இவர் வலது கையால் இடது கைச் சுண்டுவிரலைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அந்த ஆள் வாயைத் திறந்து சொன்ன பெயர், கல்லும் முள்ளுமான நாக்கில் உருண்டு புரண்டு, ரிஸ்வானா என்று வந்தது, ஜெனிட்டா என்று வந்தது, கடைசியில் "பூவீட்டா ஷென்னியாப்பான்" என்று வந்தது. ஷென்னியாப்பான்! கண்ணாடிக்குள் இருந்தவன் திடுக்கிட்டான். யாரடா என்னைக் கூப்பிடுகிறது, அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, டிக்கெட் இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல், நீயும் போய் அந்த மேடையில் ஏறிவிட்டாயடா! ராமலிங்கம் சவரக்கடையின் நடுவில் நின்று விசில் அடித்தார். அறுபது வயது ஆளுக்கு அப்படி ஒரு விசில் எங்கேதான் இருந்ததோ. முருகவேல் நுரைப் பிரஷ்ஷோடு கையை உயர்த்தி, "ஜெயிச்சாச்சுண்ணா! உலகத்துலயே மொதலாவதுண்ணா!" என்று சென்னியப்பனைக் கட்டிக்கொண்டதில் பாதி நுரை கட்டிக்கொண்டவர் சட்டைப்பையில் அப்பிவிட்டது. திரையில் மூன்றும் ஓடுகிறது, ஜெனிட்டா அழுகிறாள், ரிஸ்வானாவின் துப்பட்டா நாற்காலியில் மாட்டிக்கொண்டது, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இவருடையது ஓடுகிறது. "ஓடு! பாத்து ஓடு! படி இருக்குது, படி!" என்று சென்னியப்பன் போனைப் பார்த்துக் கத்தினார். சந்தோஷம் வந்தாலும் இவருக்குக் கத்தத்தான் தெரியும். கண்ணில் வருவதைச் சோப்பு எரிச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டார்.

ஆனால் அது அதோடு நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவி மேடைக்கு வந்து மைக்கை நீட்டி என்னவோ கேட்டாள். பூவிதா ஜெனிட்டாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு மைக்கை வாங்கி, "நான் தமிழ்ல சொல்றேங்க, இவ இங்கிலீஷ்ல சொல்லுவா," என்றாள். அதே குரல். அடுப்படியில் மெல்லமாய்க் கேட்ட அதே குரல். இவருக்குச் சிரிப்பு செத்தது. அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு படம் எழுந்து நின்றது: மாட்டுவாய், ஓரத்தில் கட்டைவிரல். ஒரு பனை உயரத்துக்குக் கட்டைவிரல். நகம் நடுவில் பிளந்து, ஓரத்தில் அழுக்கோடு, லிஸ்பன் பட்டணமே அண்ணாந்து பார்க்கிற மாதிரி. துணிக்கடியில் சென்னியப்பன் தன் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி ஒளித்தார். "இது எங்க அப்பா விரலுங்க," என்றாள். "எங்க அப்பா மாட்டுத் தரகர். அடுத்தவங்க மாட்டுக்கு வயசு சொன்னா ஒரு மாசங்கூடத் தப்பாது, நாங்க சரிபார்த்துட்டோம். அவர் விக்கிற மாட்டுக்கு மட்டும் ரெண்டு வயசு கொறையும்." ஜெனிட்டா அதை இங்கிலீஷில் சொன்னதும் கூடம் முழுக்கச் சிரித்தது. "எங்க மெஷின் பல்லைப் படிக்காம எங்கப்பா விரலைப் படிச்சிருச்சுங்க. அதனாலதான் எங்களுக்கு இது தோணுச்சு. விரலை மறைச்சுட்டு, மத்த படங்களை வெச்சு மறுபடியும் படிக்க விட்டோம். இப்ப அது மாட்டு வயசையும் சொல்லும், யார் எவ்வளவு கொறைச்சுச் சொன்னாங்கன்னும் சொல்லும்." மறுபடியும் கைதட்டல், பெரிய கைதட்டல், சிவப்புத் தலைமுடிக்காரிகூட எழுந்து நின்று தட்டினாள்.

போச்சு. உலகத்துக்கே தெரிந்துபோச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை எவன் நம் வாயை நம்புவான்? சென்னியப்பன் கண்ணாடி வழியாகவே ராமலிங்கத்தைப் பார்த்தார். ராமலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேணுமாக்கும்? ஏம்ப்பா சென்னி, நீ சொல்ற வயசுல ரெண்டைச் சேர்த்துக்கோணும்னு இந்தச் சந்தையில கைக்கொழந்தைக்குத் தெரியுமே!" "ராமலிங்கம் மாமன் சொல்லித்தான் நானே ரெண்டைச் சேர்த்து மாடு புடிச்சேன்," என்றார் முருகவேல். "நல்லாத்தாண்ணா கறக்குது." சென்னியப்பன் வாயைப் பிளந்தபடி இருந்தார். எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷமாய் இவர் குறைத்ததை அவர்கள் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இவர் பொய்யை ஒருத்தனும் நம்பியதே இல்லை. ஊரில், உலகத்தில், நம்பியது இரண்டே இரண்டு பேர். ஒன்று அந்த மெஷின். இன்னொன்று, நோட்டைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்று, அப்பா சொன்னால் ஏழுதான் என்று எழுதிக்கொண்டவள். அடப்பாவி. அடப்பாவி. திரையில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குதுங்க. அந்த நூத்தி அறுபத்தி மூணு மாட்டுக்கும் நெச வயசு தெரிஞ்சவர் ஒருத்தர்தான். மெஷின் சொல்றது சரியான்னு அவர்தான் சொல்லோணும். எங்கப்பாவுக்குப் பார்த்த வாய் மறக்காது." கழுத்தை நீட்டினாள். "சொல்லுவாருங்க."

கூட்டம் எழுந்து நின்றது, பாட்டுப் போட்டார்கள், திரையில் காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டின, மூன்று தலையும் அதற்குள் மறைந்துபோனது. முருகவேல் மறுபடியும் கத்தியை எடுத்து, "மீதிக் கன்னத்தை முடிச்சரலாமுங்ண்ணா," என்றார். அப்போது துணிக்கடியில் உள்ளங்கை அதிர்ந்தது. ஒரு தரம், இரண்டு தரம். ராமலிங்கம் குனிந்து, "அடிக்குது பாரு, புள்ளதான், எடுப்பா!" என்றார். எடுக்கிறேன். பொறு. எடுத்து என்ன சொல்லுவது? நல்லா இருக்கயா கண்ணு, அங்கே குளிரா, சாப்பிட்டயா, இதெல்லாம் சொல்லலாம், சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கட்டைவிரல் துணிக்குள்ளேயே அசைந்து, பழக்கத்தில், யாரோ எதிராளியின் விரலைத் தேடி அழுத்திப் பார்த்தது. பத்து. எட்டே முக்கால். பதினொன்று. அடப் பைத்தியக்காரா, துணிக்கடியில் விரலை அழுத்தினால் லிஸ்பனில் இருக்கிறவளுக்கு எப்படியடா தெரியும்? கண்ணாடிக்குள் ஒரு கன்னம் பளிச்சென்றும் ஒரு கன்னம் நுரையுமாய் அவன் இன்னும் முழித்துக்கொண்டிருந்தான். என்னடா பார்க்கிறே? பிள்ளை அவள் பங்கைச் செய்து முடித்துவிட்டாள், உன் பெயரையும் சேர்த்து மேடையேற்றிவிட்டாள். இனி உன் பங்கு. ஊரார் மாட்டின் வாயையெல்லாம் திறந்தாயே முப்பது வருஷமாய், உன் வாயை ஒரு தரம் திற. கையை வெளியே எடு. பச்சையை அமுக்கு. முதல் படம் குண்டடம் செவலை. அது எத்தனை வயது? இங்கே மாடு வாங்க வந்தவன் யாரும் நிற்கவில்லை. சொல்லு. வாயால் சொல்லு. சொல்லடா!